கருத்து மாறுபட்டோரிடம் காட்ட வேண்டிய கண்ணியம்

ஒரு நாள் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் சமூகத்திற்கு ஒரு மனிதர் வந்தார். அவரிடம் நாயகம் (ஸல்) அவர்கள் ஓர் ஒட்டகத்தைக் கடனாகப் பெற்றிருந்தார்கள். அதைத் திருப்பிக் கேட்கவே அவர் வந்தார். வந்தவர் கேட்ட முறை சரியில்லை. சொற்கள் கடுமையாக இருந்தன. சுற்றியிருந்த ஸஹாபாப் பெருமக்களுக்குப் பொறுக்கவில்லை. அந்த மனிதரை ஒரு கை பார்த்துவிட எழுந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களோ அவரை விட்டுவிடுமாறு பணித்தார்கள். பாத்தியதை உள்ளவனுக்குப் பேசவும் பாத்தியதை உண்டு என்ற கருத்துப்பட மொழிந்தார்கள். பிறகு, அவர் கொடுத்த அதே வயதுடைய ஒட்டகத்தை அவருக்குக் கொடுக்கச் சொன்னார்கள். தேடிப் பார்த்ததில் அதைவிட உயர்ந்ததுதான் கிடைத்தது. அதையே கொடுக்கும்படி சொல்லிவிட்டார்கள். ஹஜ்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹுல் புகாரீயில் பதிவாகியுள்ளது.

நம் மதரஸாக்களில் இதைக் கடன் பற்றிய பாடத்தில் ஓதிக் கொடுப்பார்கள். கடன் கொடுத்தவர் நிபந்தனை போடாமல், வாங்கியவர் தாமாகவே மேலான பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அது வட்டியாகாது என்ற மஸ்அலாவை விளக்கிவிட்டு அடுத்த ஹதீஸுக்குப் போய்விடுவார்கள். மஸ்அலா முக்கியமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் நடுவில் நடந்த காரியத்தைச் சற்று நின்று பாருங்கள். முதலில் அந்த மனிதரின் வாய்க்குப் பாதுகாப்புக் கிடைத்தது; அதன் பிறகே அவருடைய ஒட்டகம் கிடைத்தது. ‘முதலில் மரியாதையாகப் பேசக் கற்றுக்கொண்டு வா, பிறகு கணக்குப் பார்க்கலாம்’ என்று அந்தச் சபையில் யாரும் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. பேசப்பட்டது யாரிடம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அன்றைய மதீனாவில் அவர்களைவிட உயர்ந்த இடம் எவருக்கு உண்டு?

இந்த ஹதீஸைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஜமாஅத் கூட்டம் நினைவுக்கு வருகிறது. ஊர் பெயர் வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, பள்ளிவாசலின் வெளித் தாழ்வாரத்தில் கூட்டம் நடந்தது. வருடக் கணக்கு வாசிக்கப்பட்டது. வாசித்து முடித்ததும் ஒரு பெரியவர் எழுந்தார். சிறிய மளிகைக் கடை வைத்திருந்தவர். பள்ளிக்குச் சொந்தமான தென்னந்தோப்பை ஏலம் விடாமல் ஒருவருக்கே ஆண்டுதோறும் குத்தகைக்கு விடுவது ஏன் என்று கேட்டார். அவ்வளவுதான். ‘உட்கார்’ என்றது ஒரு குரல். ‘பள்ளிவாசலில் வைத்துக் குழப்பம் செய்கிறான்’ என்றது இன்னொரு குரல். மார்க்கத்துக்கு விரோதமானவன் என்பது வரை பேச்சு வந்துவிட்டது. அந்தப் பெரியவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, “கணக்குத்தானே கேட்டேன், கலிமாவையா மறுத்தேன்?” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்த வாரம் முதல் அவர் கடையில் கூட்டம் குறைந்தது. ஸலாம் சொன்னால் பதில் முணுமுணுப்பாக வந்தது. சில மாதங்களில் அவருடைய மகளுக்கு நிக்காஹ் வந்தபோது ஜமாஅத்தின் தஃப்தர் அவர் வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளியில் நிக்காஹ் நடந்தது. அந்தக் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்டது நியாயம் என்று எனக்குத் தெரியும். என் பக்கத்தில் இருந்தவருக்கும் தெரியும். இருவரும் பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிடிக்காத கருத்தைச் சொன்னவருக்கு ஊரைச் சுருக்கிவிடும் இந்த வழக்கம் ஓர் ஊரோடு முடிந்த காரியமல்ல. 2007-ஆம் ஆண்டு தக்கலைக் கவிஞர் ஹெச்.ஜி. ரசூல், தாம் எழுதிய ஒரு கட்டுரைக்காக ஊர்விலக்கம் செய்யப்பட்டார். அவருடைய கருத்துக்களில் பலவற்றை நான் ஏற்கவில்லை. ஆனால் கட்டுரைக்குக் கட்டுரையால் பதில் எழுத நம்மில் ஆலிம்கள் இல்லையா? அறிஞர்கள் இல்லையா? குடும்பத்தோடு ஒருவரை ஒதுக்கி வைப்பது அந்தக் கட்டுரையின் எந்த வரிக்குப் பதில்? அதைவிடக் கொடுமையான செய்தி 2017 மார்ச்சில் வந்தது. இறைநம்பிக்கையைக் கைவிட்டு, அதை வெளிப்படையாகவே சொல்லிவந்த ஒருவர் கோயம்புத்தூரில் வெட்டிக் கொல்லப்பட்டார். அக்கொலைக்காகப் பிடிபட்டவர்கள் நம் சமுதாயத்துப் பெயர் தாங்கியவர்கள். இதைப் பற்றி நம் மிம்பர்களில் எத்தனை மிம்பர்கள் பேசின என்று என்னைக் கேட்காதீர்கள்.

மார்க்கத்தைக் காக்கவே இப்படிச் செய்கிறோம் என்பார்கள். அந்த மார்க்கம் எந்தச் சபையிலிருந்து வந்ததோ அந்தச் சபைக்கே போய்ப் பார்ப்போம்.

அப்துல்லாஹ் இப்னு உபை என்பவனை அறியாதவர் நம்மில் இல்லை. முனாஃபிக்குகளின் தலைவன். மதீனாவுக்குத் திரும்பியதும் கண்ணியமுள்ளவர்கள் இழிந்தவர்களை வெளியேற்றிவிடுவார்கள் என்று அவன் பேசிய பேச்சை அல்லாஹு தஆலா திருமறையின் 63-ஆம் அத்தியாயத்திலேயே வெளிப்படுத்திவிட்டான். இதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்? ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் அவனுடைய தலையை வாங்க அனுமதி கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்தார்கள். முஹம்மத் தம் தோழர்களையே கொல்கிறார் என்று மக்கள் பேசும் நிலை வரக்கூடாது என்றார்கள். அவன் மதீனாவிலேயே வாழ்ந்து, படுக்கையில் கிடந்து இறந்தான். அவனை அடக்கும்போது கஃபனாகத் தம் சட்டையையே கொடுத்தார்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள்.

இது பகைவனின் கதை. பகையே இல்லாத இடத்தில் நடந்த இன்னொன்று இருக்கிறது. என் மனத்தை மிகவும் தொட்டது அதுதான். பரீரா (ரலி) என்ற பெண்மணி அடிமைத்தளையிலிருந்து விடுதலையானார்கள். அவர்களுடைய கணவர் முகீஸ் இன்னும் அடிமையாகவே இருந்தார். விடுதலையான பெண்ணுக்கு அந்தத் திருமண பந்தத்தில் நீடிக்கவோ விலகவோ உரிமையுண்டு. பரீரா விலகிக்கொண்டார்கள். முகீஸோ தாடியில் கண்ணீர் வழிய மதீனாவின் தெருக்களில் அவர்கள் பின்னாலேயே அழுதுகொண்டு திரிந்தார். பார்த்த நாயகம் (ஸல்) அவர்களுக்கு இரக்கம் பிறந்தது. நீ அவரிடம் திரும்பிப் போகலாமே என்று பரீராவிடம் சொன்னார்கள். அந்தப் பெண்மணி ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: இது தாங்கள் இடும் கட்டளையா? இல்லை, பரிந்துரைதான் என்று பதில் வந்தது. அப்படியானால் எனக்கு அவர் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்து, புகாரீயில் வந்துள்ள நிகழ்ச்சி இது. நேற்றுவரை அடிமையாக இருந்த ஒரு பெண், அல்லாஹ்வின் தூதருடைய பரிந்துரையை ஏற்கவில்லை. அதற்காக அவர்கள் கண்ணியம் ஓர் அணுவளவும் குறையவில்லை. யாரும் அவர்களை ஒதுக்கவில்லை. நம் ஊரில் முத்தவல்லியின் பரிந்துரையைத் தட்டிவிட்டு ஒருவர் நிம்மதியாக வாழ முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. திருக்குர்ஆனை ஓதும்போது நாம் யாருடைய சொற்களையெல்லாம் ஓதுகிறோம்? நாயகத்தைக் கவிஞர் என்றவர்களின் பேச்சு அதில் இருக்கிறது. பைத்தியக்காரர் என்றவர்களின் பேச்சு இருக்கிறது. இவையெல்லாம் முன்னோர் கட்டிவிட்ட கதைகள் என்று தள்ளியவர்களின் பேச்சு இருக்கிறது. மக்கிய எலும்புகள் மீண்டும் உயிர்பெறுமா என்று கேட்டவனின் கேள்வியும் இருக்கிறது. ஃபிர்அவ்னின் வாதம் இருக்கிறது. ஷைத்தானின் வாதமும் இருக்கிறது. உளூச் செய்து, கிப்லாவை நோக்கி நின்று, தொழுகையில் இவற்றையெல்லாம் ஓதுகிறோம். எதிரிகளின் சொல்லை அழித்துவிட்டுப் பதிலை மட்டும் வைத்திருக்கலாம். அல்லாஹு தஆலா அப்படிச் செய்யவில்லை. எதிர்வாதத்தை அதன் முழு உருவில் நிறுத்தி, அதன் பக்கத்திலேயே பதிலை வைத்தான். எதிர்க் கேள்வி காதில் விழுந்தாலே ஈமான் பறந்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். சாட்டை யார் கையில் இருந்தது, யார் முதுகில் விழுந்தது என்று பார்த்தால் நமக்கு நிறையத் தெளிவு கிடைக்கும்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் மதீனாவில் ஒரு ஃபத்வா கொடுத்துவந்தார்கள். வற்புறுத்தலுக்கு ஆளாகி ஒருவன் சொல்லும் தலாக் செல்லாது என்பது அவர்கள் கருத்து. இது குடும்ப மஸ்அலாபோலத் தோன்றும். ஆனால் அரசாங்கத்தின் காதில் அது வேறாக விழுந்தது. வற்புறுத்தி வாங்கிய தலாக் செல்லாது என்றால், வற்புறுத்தி வாங்கிய பைஅத் மட்டும் செல்லுமா? கலீபாவுக்கு மக்கள் செய்த விசுவாசப் பிரமாணமே ஆட்டம் கண்டுவிடுமே! ஹிஜ்ரி 147 வாக்கில் (கி.பி. 764) மதீனாவின் ஆளுநர் அந்த இமாமைச் சாட்டையால் அடிக்கச் செய்தார். கையைப் பிடித்து இழுத்ததில் தோள்மூட்டு நழுவியது என்றும் எழுதியிருக்கிறார்கள்.

பிறகு காலம் மாறிற்று. அதே அப்பாஸிய அரசு அந்த இமாமிடம் ஒரு யோசனையோடு வந்தது. கலீபா அல்-மன்ஸூர் என்று சில அறிவிப்புகளும், ஹாரூன் ரஷீத் என்று சில அறிவிப்புகளும் கூறும். இமாமின் நூலான ‘முவத்தா’வை நாடெங்கும் அனுப்பி, எல்லோரும் இதன்படியே நடக்க வேண்டும் என்று ஆணை பிறப்பிக்க எண்ணியிருப்பதாகக் கலீபா சொன்னார். எந்த நூலாசிரியருக்குத்தான் இது இனிக்காது? இமாம் மாலிக் மறுத்துவிட்டார்கள். ஸஹாபாக்கள் பல நாடுகளுக்கும் பரவிச் சென்றிருக்கிறார்கள். அந்தந்த ஊர் மக்களுக்கு அவர்கள் வழியாக அறிவு போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர்களை அவர்கள் பற்றியிருப்பதிலேயே விட்டுவிடுங்கள் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். சாட்டையின் ருசி தெரிந்த அந்தப் பெரியார், சாட்டை தம் பக்கம் நீட்டப்பட்டபோது கையில் வாங்கவில்லை. அவர்கள் அன்று வாங்கியிருந்தால் ஹனஃபீ, ஷாஃபிஈ என்று நாம் இன்று அருகருகே நின்று தொழும் ஸஃப்புகள் இருந்திருக்குமா?

எல்லோரும் அப்படி இருந்துவிடவில்லை. ஹிஜ்ரி 218-இல் (கி.பி. 833) கலீபா மஃமூன் பக்தாதின் காழிகளையும் ஆலிம்களையும் அழைத்து விசாரிக்க உத்தரவிட்டார். குர்ஆன் படைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது கேள்வி. இதைத்தான் ‘மிஹ்னா’, அதாவது சோதனை என்று வரலாறு கூறுகிறது. விசாரித்தவர்கள் முஃதஸிலாக்கள், பகுத்தறிவையும் மனிதனின் சுயேச்சையையும் போற்றியவர்கள்! பகுத்தறிவு பேசியவர்களே கருத்துக்காகச் சங்கிலி பூட்டினார்கள் என்பது படிப்பினைக்குரியது. பலர் அஞ்சி ஒப்புக்கொண்டார்கள். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் ஒப்பவில்லை. விலங்கோடு கொண்டுபோகப்பட்டார்கள். வழியிலேயே மஃமூன் இறந்த செய்தி வந்தது. அடுத்த கலீபா முஃதஸிமின் முன்னிலையில் இமாம் அவர்கள் சாட்டையடி பட்டார்கள். ஏறத்தாழ 28 மாதங்கள் சிறையில் இருந்தார்கள். இமாம் ஷாஃபிஈயின் மாணவரான புவைத்தீ (ரஹ்) அவர்கள் விலங்குகளோடு பக்தாத் சிறையிலேயே இறந்தார்கள்.

இமாம் அஹ்மத் பின்னாளில் விடுதலையாகி, தம்மை அடித்தவர்களை மன்னித்தார்கள். இதுவரை நம் மிம்பர்களில் அடிக்கடி கேட்கிறோம். இதற்கு அடுத்த பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. அந்த இமாம் மறைந்து ஏறத்தாழ 70 ஆண்டுகளில், அதே பக்தாதில், அவர்களுடைய பெயரைச் சொல்லிக்கொண்ட ஒரு கூட்டம் இமாம் தபரீ (ரஹ்) அவர்களின் வீட்டு வாசலில் திரண்டது. தஃப்ஸீருக்கும் வரலாற்றுக்கும் இன்றளவும் நாம் கையேந்தி நிற்கும் அதே தபரீதான். ஃபிக்ஹு அறிஞர்களின் கருத்து வேறுபாடுகளைத் தொகுத்த நூலில் இமாம் அஹ்மதை அவர் சேர்க்கவில்லை. அவர் ஹதீஸ்கலை அறிஞர் என்பது தபரீயின் எண்ணம். இதற்காக வீட்டின்மீது கல்மாரி பொழிந்தார்கள். ஹிஜ்ரி 310-இல் (கி.பி. 923) அவர் இறந்தபோது சொந்த வீட்டிலேயே அடக்கப்பட்டார். கூட்டத்துக்கு அஞ்சி இரவில் அடக்கினார்கள் என்றும் எழுதியுள்ளார்கள். அடிபட்டவரின் பேரால் அடித்தார்கள். இமாம் அஹ்மத் உயிரோடிருந்தால் அந்தக் கல்லில் ஒன்றையாவது கையில் தொட்டிருப்பார்களா?

இப்போது நம் காலத்துக்குத் திரும்புவோம். நாம் இந்த நாட்டில் சிறுபான்மையினர். 1985-இல் ஷாபானு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது நாம் அதற்கு எதிராகப் பேசினோம், ஊர்வலம் போனோம். நாட்டின் பெரும்பாலான பத்திரிகைகளுக்கு நம் பேச்சுப் பிடிக்கவில்லை. பேச விட்டார்கள், 1986-இல் தனிச் சட்டமே வந்தது. 2020 பிப்ரவரியில் சென்னை வண்ணாரப்பேட்டையில் நம் தாய்மார்கள் கைக்குழந்தைகளோடு தெருவில் அமர்ந்து குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்தார்கள். அதற்கு ஆதாரமாக நாம் காட்டியது எது? அரசியல் சட்டத்தின் 19-ஆவது விதி தரும் பேச்சுரிமையை. அதே விதிதான் தென்னந்தோப்பின் குத்தகை பற்றிக் கேட்ட அந்தப் பெரியவருக்கும் நிழல். அளந்து வாங்கும்போது நிறைத்து வாங்கி, அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடு என்று 83-ஆவது அத்தியாயம் தொடங்குகிறது. அது படிக்கும் தராசுக்கும் மட்டும் என்று யார் சொன்னது?

ஊர்விலக்கு பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்கலாம். பம்பாய் மாகாணம் 1949-இல் சமயச் சமூகங்கள் உறுப்பினர்களை விலக்கி வைப்பதைத் தடுத்து ஒரு சட்டம் செய்தது. தாவூதி போஹ்ரா தலைவர் தொடுத்த வழக்கில் 1962-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென்று சொல்லிவிட்டது. தலைமை நீதிபதி சின்ஹா ஒருவர் மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். மகாராஷ்டிரம் 2016-இல் சமூக விலக்கைத் தடுக்கப் புதிய சட்டம் நிறைவேற்றிற்று. 2023 பிப்ரவரியில், 1962-ஆம் ஆண்டுத் தீர்ப்பை ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஆராய வேண்டும் என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அனுப்பிவைத்தது. அன்று தனித்து நின்ற அந்த ஒருவரின் எழுத்தை அறுபது ஆண்டுகள் கழித்து மீண்டும் எடுத்துப் படிக்கிறார்கள். ஆனாலும் ஒன்று சொல்வேன்: சட்டம் அனுமதிக்கிறதா என்று பார்த்துத்தானா நாம் பக்கத்து வீட்டுக்காரரின் மையித்துக்குத் தோள் கொடுக்கப் போகிறோம்?

பேச்சுரிமை என்றால் எதையும் பேசலாமா என்று கேட்பார்கள். கூடாது. ஒழுக்கமுள்ள பெண்மீது அவதூறு சொல்லி, நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவனுக்கு 80 கசையடி என்று திருமறை 24-ஆவது அத்தியாயத்தில் விதித்திருக்கிறது. அது பிறர் மானத்தைக் கெடுப்பது. பொய்க் குற்றச்சாட்டு வேறு, கருத்து வேறு. பிறரை வெட்டு, குத்து என்று தூண்டுவதும் கருத்தாகாது. ஆனால் நம் காதுக்குக் கசப்பாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒரு கருத்து அவதூறாகிவிடாது. விரலசைப்பதா கூடாதா, தராவீஹ் எட்டா இருபதா, பிறையைக் கண்ணால் பார்ப்பதா கணக்கால் அறிவதா என்று நமக்குள் ஆயிரம் உண்டு. பேசட்டும், பதில் சொல்வோம். பதில் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் அழைத்துப் போவோம். ஒரே தெருவில் இரண்டு ஜும்ஆ வந்ததற்குக் காரணம் பேச்சு அதிகமானது என்கிறார்கள். நான் பார்த்தவரை, ஒரு பள்ளியில் வாயை அடைத்த பிறகுதான் அடுத்த பள்ளிக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள்.

கடைசியாக இமாம் புகாரீ (ரஹ்) அவர்களைப் பற்றி. அவர்கள் நைஸாபூருக்கு வந்தபோது ஊரே திரண்டு வரவேற்றது. அந்நகரின் பெரும் ஹதீஸ் அறிஞர் முஹம்மத் இப்னு யஹ்யா துஹ்லீ (ரஹ்) அவர்களே மக்களை வரவேற்கத் தூண்டினார்கள். பின்னர் குர்ஆனை ஓதும் நம் உச்சரிப்புப் படைக்கப்பட்டதா என்ற நுணுக்கமான விஷயத்தில் இருவருக்கும் பிணக்கு ஏற்பட்டது. புகாரீயின் சபைக்குப் போகிறவர் நம் சபைக்கு வரவேண்டாம் என்று துஹ்லீ அறிவித்துவிட்டார்கள். சபை காலியாயிற்று. இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் மட்டும் துஹ்லீயின் சபையிலிருந்து எழுந்து வெளியேறி, அதுவரை அவரிடம் எழுதி வைத்திருந்த ஏடுகளைச் சுமையாளின் முதுகில் ஏற்றி அவர் வீட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். இமாம் புகாரீ நைஸாபூரை விட்டுப் புறப்பட்டார்கள். சொந்த ஊரான புகாராவிலும் தங்க விடவில்லை. ஹிஜ்ரி 256-இல் (கி.பி. 870) ஸமர்கந்துக்குப் பக்கத்தில் கர்தங்க் என்ற சிற்றூரில் மறைந்தார்கள்.

தம்மை ஊரைவிட்டுப் போகச் செய்த துஹ்லீயின் அறிவிப்புகளை இமாம் புகாரீ தம் ஸஹீஹிலிருந்து நீக்கினார்களா? நீக்கவில்லை. ஏறத்தாழ முப்பது இடங்களில் அவை இருக்கின்றன. முழுப் பெயரையும் போடாமல், வெறுமனே ‘முஹம்மத்’ என்றோ, பாட்டனார் பெயரைச் சேர்த்தோ எழுதியிருக்கிறார்கள். மனத்தாங்கல் இருந்திருக்கும், மனிதர்தானே. ஆனால் அவர் சொன்ன ஹதீஸ் உண்மையாக இருந்தது. அதனால் நூலில் நின்றது. இன்றும் மதரஸாவில் புகாரீ ஓதும்போது அந்த இடம் வந்தால் உஸ்தாத் சற்று நிறுத்தி, இந்த முஹம்மத் யார் தெரியுமா என்று மாணவர்களைக் கேட்பார்.